உறுப்பினரின் இன்னொரு தொகுதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் பகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் காலமான செய்தி எட்டு வரிகளில் வெளிவந்திருந்தது. எந்தச் சின்னத்தில் நின்றார், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார், அடுத்த தேர்தலில் கட்சி வாய்ப்பு மறுத்ததும் சுயேச்சையாக நின்று வைப்புத்தொகையை எப்படி இழந்தார், பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தார், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆயினும், எந்த வேலைக்காக அவரை ஐந்து ஆண்டுகளுக்குச் சென்னைக்கு அனுப்பினோமோ அந்த வேலையைப் பற்றி அந்த எட்டு வரிகளில் ஒரு சொல்லும் இல்லை. அவருடைய பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. வீட்டார் துக்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம், என் குறை அவரைப் பற்றியதன்று என்பது இன்னொரு காரணம்.

நான் அரசுப் பொது நூலகத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். நான் இருந்த நூலகத்தின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதில் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் காலிகோ அட்டை போட்டுத் தொகுதி தொகுதியாக அடுக்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கொரு முறை தூசி தட்டுவோம், பூச்சி மருந்து வைப்போம், இருப்புச் சரிபார்ப்பின்போது எண்ணுவோம். கேட்டு வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். தமிழில் வாக்காளர்கள் வாழும் பரப்புக்கும் தொகுதி என்றுதான் பெயர், அச்சிட்டுக் கட்டிய புத்தகத்துக்கும் தொகுதி என்றுதான் பெயர். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு தொகுதிகளும் உண்டு. முதலாவதைப் பற்றித் தங்கள் நாளிதழ் நாள்தோறும் எழுதுகிறது. இரண்டாவதை யாரும் திறப்பதில்லை.

மேற்சொன்ன உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்காலப் பிற்பகலில் அந்த நூலகத்துக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, யாரோ வாசகர் போல வந்து நின்றார். முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தம்பி, நான் சபையில் பேசினது ஏதாவது இங்கே இருக்குமா?" என்று கேட்டார். எந்த ஆண்டு என்று கேட்டேன். ஆண்டு நினைவில்லை, மானியக் கோரிக்கை (துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்) நேரம், நெடுஞ்சாலைத் துறை, வெயில் காலம் என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். உறுப்பினர் பெயரை வைத்துத் தேடுவதற்கு எங்களிடம் அட்டவணை இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அது மானியக் கோரிக்கையின்போது பேசிய பேச்சில்லை, ஒரு வினாவின் மேல் அவர் எழுப்பிய துணைக் கேள்வி என்று தெரிந்தது. எங்கள் ஆற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலம் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாள் தண்ணீருக்குள் இருக்கிறது, அந்த நாள்களில் பிரசவ வலி எடுத்த பெண்களை எந்த வழியாக ஆசுபத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று அமைச்சருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். மேம்பாலம் கட்டுவது அரசின் பரிசீலனையில் உள்ளது என்று அமைச்சர் பதில் சொல்லியிருந்தார். அரைப்பக்கம்கூட இல்லை. தம் சட்டைப்பையில் இருந்த ஒரு திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் அதை எழுத்து விடாமல் நகல் எடுத்துக்கொண்டார். படி எடுக்கும் இயந்திரம் கீழே இருக்கிறது ஐயா என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

பாலம் பின்னாளில் கட்டப்பட்டது. திறப்பு விழாக் கல்வெட்டில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அவர் பெயர் இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை, அப்போது அவர் பதவியில் இல்லை. ஒரு கேள்வியால்தான் ஒரு பாலம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வதும் சரியாகாது. ஆனால் பேரவையில் அந்தப் பாலத்தின் பேச்சு அவரிடமிருந்து தொடங்கியது என்பது அச்சில் இருக்கிறது, வாக்கு வித்தியாசம் அச்சில் இருப்பதைப் போலவே. இரண்டில் ஒன்று மட்டும் இரங்கல் செய்திக்குள் வருகிறது என்பதுதான் என் வருத்தம்.

இது ஒருவருக்கு நேர்ந்தது மட்டுமன்று. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசனின் பெயர் தமிழ்நாட்டில் அரசியல் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொகையைக்கூட மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. வென்று உள்ளே போன பிறகு அவர் பேரவையில் எதைப் பற்றிப் பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? யாரைத் தோற்கடித்தார் என்ற ஒரு வரியே ஒரு மனிதரின் முழு அரசியல் வாழ்க்கையாகிவிட்டது. தோற்றவருக்கு மண்டபங்களும் சிலைகளும் எழுந்தன, வென்றவருக்கு அந்த எண் மட்டும் மிஞ்சியது.

எத்தனை முறை வென்றார் என்பதை வைத்து ஓர் உறுப்பினரை எடைபோடும் பழக்கமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 1957 முதல் 2016 வரை பதின்மூன்று தேர்தல்களில் நின்று ஒன்றிலும் தோற்காத மு. கருணாநிதியின் சாதனை அரிது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதையே அளவுகோலாக்கினால் 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரே ஒரு முறை பேரவைக்குள் போன ப. ஜீவானந்தத்தை எங்கே வைப்பது? ஆங்கிலமே கோலோச்சிய மன்றத்தில் தமிழில் நடவடிக்கைகள் நடக்க வேண்டும், தமிழ் ஆட்சிமொழியாக வேண்டும் என்று அவர் வாதாடினார். அவருடைய பதவிக்காலம் முடிவதற்குள்ளாகவே, 1956 இறுதியில், தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அவர் ஆளுங்கட்சிக்காரர் அல்லர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னே போனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருக்கிறார். அன்று மாநிலம் இல்லை, மாகாணம். அவரும் தேர்தலில் வென்று வரவில்லை, நியமிக்கப்பட்டவர். சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்துவிட்டார். நம் இன்றைய கணக்குப்படி எழுதினால் "ஒரு முறை நியமன உறுப்பினர், காலம் முடியும் முன்பே விலகினார்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில்தான் தேவதாசிகளுக்கு விடப்பட்ட மானிய நிலங்களைக் கோயில் சேவை என்ற தளையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தத்தை 1929இல் நிறைவேறச் செய்தார். பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை அடியோடு ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தபோது அவர் அவையில் இல்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் நட்ட விதை அவர் போன பிறகும் முளைக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வென்ற தீர்மானங்களை மட்டும் பேசுவதிலும் ஒரு குறை இருக்கிறது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 சூலை 18ஆம் நாள் பேரவையில் ஒருமனதாக நிறைவேறியது, 1969 சனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1950களிலும் 60களின் தொடக்கத்திலும், அதே கோரிக்கை அதே அவையில் எழுந்து தோற்றும் போயிருக்கிறது. தோற்கப்போகிறது என்று தெரிந்தே எழுந்து நின்று பேசிய எதிர்க்கட்சி உறுப்பினர்களின் பெயர்களைத் தேட வேண்டுமானால் நான் சொன்ன இரும்பு அலமாரியைத்தான் திறக்க வேண்டும்.

செய்தியாளர்களுக்குக் கைவந்த இன்னொரு வார்ப்பும் இருக்கிறது. அதையும் நான் குறை சொன்னால் சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். எளிமை என்ற வார்ப்பைச் சொல்கிறேன். மதுரை கிழக்குத் தொகுதியில் 2001இலும் 2006இலும் வென்ற நன்மாறன் 2021 அக்டோபரில் மறைந்தபோது, சொந்த வீடில்லாமல் வாழ்ந்தவர், அரசு வீடு கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுத்தவர், ஆட்டோவில் போனவர் என்று எல்லா இதழ்களும் எழுதின. படித்தபோது என் கண்ணும் கலங்கியது. ஆனால் பத்து ஆண்டுகள் அவர் அவையில் எதற்காகக் குரல் கொடுத்தார் என்று தேடிப் பார்த்தேன். அந்தக் கட்டுரைகளில் எனக்குக் கிடைத்தது சொற்பம். நல்ல மேடைப் பேச்சாளர் என்பது மட்டும் கிடைத்தது. ஒருவருடைய வறுமையைப் பாராட்டுவது எளிது, அதற்குப் பழைய தொகுதிகளைப் புரட்ட வேண்டியதில்லை.

கக்கன் கதையும் இப்படித்தான். 1957 முதல் 1967 வரை அமைச்சராக இருந்தவர் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்ததையும், எம்.ஜி.ஆர். பார்த்துப் பதறியதையும் நாம் நூறு முறை படித்துவிட்டோம். நூற்றொன்றாவது முறையும் படிப்போம், அதில் தவறில்லை. பொதுப்பணித்துறை அவர் கையில் இருந்த காலத்தில்தான் 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது என்பதையும், 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடுகள் நடந்த நாள்களில் உள்துறை அவர் பொறுப்பில் இருந்தது என்பதையும் அதே மூச்சில் யார் எழுதுகிறார்கள்? அந்த நாள்களில் பேரவையில் அவர் என்ன விளக்கம் அளித்தார், யார் அவரை மடக்கினார்கள், அவர் எதற்குப் பதில் சொல்லவில்லை என்பதைச் சேர்த்து எழுதினால்தான் அந்த நல்ல மனிதருக்கே நாம் நியாயம் செய்தவர்கள் ஆவோம். அவரைச் சிலையாக்கி வைத்துவிட்டு அவருடைய அலுவலை மறைத்துவிட்டோம்.

அவைக்குள் உறுப்பினர் உண்மையில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கொறடா சொன்னபடி கை தூக்குபவர்தானே, அவருக்கு என்ன தனி வரலாறு என்பார்கள். இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 1967இல் அரியானாவில் ஓர் உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறியதிலிருந்து தொடங்கிய கேலிக்கூத்தை நிறுத்துவதற்காக 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், சேர்க்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் குற்றமில்லை என்றிருந்த ஓட்டையை 2003இல் அடைத்தார்கள். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம், தன் கட்சியின் முடிவை எதிர்த்து வாக்களிக்கும் நேர்மையான உறுப்பினரின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அந்தச் சட்டத்தையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாம் நடத்தவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கைத் தீர்மானத்தில் தம் கட்சியின் அரசுக்கே எதிராக வாக்களித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் மீது பேரவைத் தலைவரின் முடிவு வரவே இல்லை; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மீண்டும் பேரவைத் தலைவரிடமே திரும்பியது, பதவிக்காலமும் முடிந்தது. அதே ஆண்டு ஆகத்து 22 அன்று முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சி உறுப்பினர்களில் 18 பேர், ஒரு மாதம்கூட முடிவதற்குள், செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும் வரை பதினெட்டுத் தொகுதி மக்களுக்கு அவையில் ஆளில்லை. அந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் அந்தப் பதினெட்டு ஊர்களின் தரைப்பாலங்களைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று அன்றைய நாளிதழ்களில் தேடினேன். விடுதியில் யார் தங்கினார்கள், பேருந்தில் யார் ஏறினார்கள் என்ற செய்திகள்தான் பக்கம் பக்கமாக இருந்தன.

கேள்வியின் மறுபாதியில் நியாயம் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. கொறடாவின் ஆணை வாக்கெடுப்பைத்தான் கட்டும். கேள்வி கேட்பதை அது கட்டுவதில்லை. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். துணைக் கேள்வியில்தான் உறுப்பினரின் தயாரிப்பு வெளிப்படும். எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவருக்கு அது வராது. அவசரப் பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்பு இருக்கிறது, மானியக் கோரிக்கைகளின் மேல் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. அவைக்கு வெளியே பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு என்று குழுக்கள் இருக்கின்றன. அரசு உறுதிமொழிக் குழு என்பது என் பார்வையில் மிகவும் சுவையான குழு. "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர்கள் அவையில் சொன்ன சொற்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, என்ன ஆயிற்று என்று துறைச் செயலாளர்களைக் கேட்பதுதான் அதன் வேலை. ஒரு கட்சியின் மாவட்ட மாநாட்டுக்கு எத்தனை பந்தல் போட்டார்கள் என்று படம் போடும் நாளிதழ்கள், இந்தக் குழு எங்கள் மாவட்டத்துக்கு வந்து போனதை நான்கு வரியில் முடித்துவிடுகின்றன. அதிலும் மூன்று வரி வரவேற்றவர்களின் பெயர்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் இந்த நிதிதான் இன்று ஓர் உறுப்பினரின் கண்ணுக்குத் தெரியும் சாதனை என்றாகிவிட்டது. பேருந்து நிழற்குடையின் நெற்றியில் ஊர்ப்பெயரைவிடப் பெரிய எழுத்தில் உறுப்பினரின் பெயர் இருக்கும். நிழற்குடை வேண்டாம் என்று சொல்லவில்லை, வெயிலில் நின்று பழகியவன் நான். ஆனால் நிழற்குடை கட்டுவதற்கு ஊராட்சித் தலைவர் போதும். அரசின் வரவு செலவுத் திட்டத்தைத் துறை துறையாகக் கேள்வி கேட்பதற்குத்தான் 234 பேரை அனுப்புகிறோம். அந்த 3 கோடிக்குக் கல்வெட்டு வைக்கிறோம், பல இலட்சம் கோடி ரூபாய்க்கான மானியங்களின் மேல் அவர் பேசியதை அலமாரியில் பூட்டி வைக்கிறோம்.

வேட்பாளர்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது முன்பைவிட இன்று அதிகம் என்பதை மறுக்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாக 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித்தர வேண்டும். தங்கள் நாளிதழ் தேர்தல்தோறும் அதை அட்டவணையாக வெளியிடுகிறது. எத்தனை பவுன் நகை என்பது வரை நாங்கள் படிக்கிறோம். உள்ளே போகும்போது என்ன வைத்திருந்தார் என்பதற்கு இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கும்போது, வெளியே வரும்போது என்ன செய்துவிட்டு வந்தார் என்பதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டாமா? நாடாளுமன்ற உறுப்பினர் எத்தனை நாள் வந்தார், எத்தனை வினா எழுப்பினார் என்பதை இன்று ஒரு கல்லூரி மாணவர் கைப்பேசியில் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார். சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி அவ்வாறு தேடினால் அவர் வாழ்த்துப் பதாகைகளின் படங்கள்தான் வந்து விழுகின்றன. 2022 சனவரி முதல் வினா நேரம் நேரடியாக ஒளிபரப்பாவது நல்ல மாற்றம்தான். ஆனால் ஒளிபரப்பு அன்றோடு போய்விடும். கேள்வியும் பதிலும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பின்தொடர்வது நாளிதழின் வேலை.

எனவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. பேரவையின் ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்த பின், மாவட்டப் பக்கத்தில் அந்த மாவட்ட உறுப்பினர்கள் எழுப்பிய வினாக்களையும், அவற்றுக்குக் கிடைத்த பதில்களையும், யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதையும் வெளியிடுங்கள். பேசாதவர் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள், வசை ஏதும் வேண்டாம், காலி இடமே போதும். அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்ன பதில்களை ஓராண்டு கழித்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முன்னாள் உறுப்பினர் எவரேனும் காலமானால், அவருடைய தொகுதிச் செய்தியாளர் அனுப்பும் வாக்குக் கணக்கோடு, கோட்டையில் இருக்கும் தங்கள் செய்தியாளர் பழைய நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அவர் பேசிய ஒன்றிரண்டு வரிகளைச் சேர்க்கட்டும். பழைய தொகுதிகள் பலவும் மின்வடிவுக்கு மாறி வருவதால், நானும் அந்தப் பெரியவரும் ஒரு பிற்பகல் முழுவதும் பட்ட பாடு இனித் தங்களுக்கு நேராது.

இதனால் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு அநீதி நேரும், அவர்கள் அவையில் வாய் திறக்காமல் நேரே அமைச்சர் அறைக்குப் போய்க் காரியம் முடித்துக்கொள்கிறவர்கள் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அறைக்குள் பேசியதற்குச் சான்று கிடையாது என்பது அவர்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட வசதி. அதற்கான விலையையும் அவர்களே ஏற்கட்டும். தவிரவும், ஆளுங்கட்சி வரிசையில் இருந்துகொண்டே தம் அமைச்சரைச் சங்கடப்படுத்தும் துணைக் கேள்வி கேட்டவர்களை அந்தத் தொகுதிகளில் நான் பார்த்திருக்கிறேன். நம் கதாநாயகரும் அப்படிப்பட்டவரே. பாலத்தைப் பற்றி அவர் கேட்டது தம் கட்சி அமைச்சரிடம்தான். அடுத்த தேர்தலில் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. அன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடமே கேட்டேன். பேனாவை நிறுத்தாமல், "பதிலை முழுசா எழுதிக்கிறேன் தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். எழுதி முடித்ததும் அழைப்பிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தொகுதியின் எண்ணையும் பக்க எண்ணையும் அன்று அவருக்காக ஒரு சீட்டில் குறித்தேன். அவர் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஓய்வு பெறும் நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அது கிடைத்தது. தங்கள் செய்தியாளருக்குப் பயன்படும் என்பதால் அந்தச் சீட்டை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நூலகர்